பியூட்டேன் கேஸ்: லைட்டர் முதல் ஃப்ரிட்ஜ் வரை, அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லைட்டரை எப்படி நிரப்புவது, சின்ன கேஸ் கேனைச் செருகி எரிக்கும் கேன் அடுப்பு பாதியிலேயே ஏன் சோர்ந்துபோகிறது, ஃப்ரிட்ஜுக்குள் எரியும் கேஸ் இருப்பது உண்மையா என்று பலரும் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். முதல் இரண்டு பதில்களை மட்டும் தாண்டாமல் படித்துவிடுங்கள். மற்ற பதில்கள் எல்லாம் அவற்றைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கின்றன.

பியூட்டேன் என்றால் என்ன? எங்கிருந்து கிடைக்கிறது?

நான்கு கார்பன் அணுக்களும் பத்து ஹைட்ரஜன் அணுக்களும் சேர்ந்த எளிய ஹைட்ரோகார்பன். நிறம் கிடையாது. சுத்தமான நிலையில் வாசனையும் அநேகமாக இருக்காது. கச்சா எண்ணெயைச் சுத்திகரிக்கும்போதும், பூமியிலிருந்து வரும் இயற்கை எரிவாயுவைப் பிரிக்கும்போதும் கிடைக்கிறது. 1849-இல் எட்வர்ட் ஃபிராங்க்லண்ட் என்ற ஆங்கிலேய வேதியியலாளர் வேறொன்றைத் தேடும்போது இதை ஆய்வகத்தில் உண்டாக்கினார். 1864-இல் எட்மண்ட் ரொனால்ட்ஸ் இது கச்சா எண்ணெயிலேயே கரைந்திருப்பதைக் கண்டார்.

பியூட்டேனில் இரண்டு வகை உண்டு. கார்பன்கள் நேர்வரிசையில் நின்றால் நார்மல் பியூட்டேன். ஒன்று மட்டும் கிளையாகப் பிரிந்தால் ஐசோபியூட்டேன். அணுக்களின் எண்ணிக்கை ஒன்றுதான், ஆனால் நார்மல் பியூட்டேன் கொதிப்பது மைனஸ் 0.5 டிகிரி செல்சியஸில், ஐசோபியூட்டேன் கொதிப்பது மைனஸ் 11.7 டிகிரியில். இந்தப் பதினொரு டிகிரி வித்தியாசம் குளிர்காலத்தில் ஓர் அடுப்பு எரியுமா எரியாதா என்பதையே முடிவு செய்யும்.

இத்தனை எரிவாயுக்கள் இருக்க, சின்னச் சின்னப் பொருட்களில் எல்லாம் ஏன் பியூட்டேனையே அடைக்கிறார்கள்?

காரணம், அது கொதிக்கும் இடம். தண்ணீர் உறையும் வெப்பநிலைக்கு மிக அருகில், அரை டிகிரி கீழே நிற்கிறது. சாதாரண அறையில் பியூட்டேன் வாயுவாகத்தான் இருக்கும். ஆனால் கொஞ்சம் அழுத்திவிட்டால் போதும், திரவமாக அடங்கிவிடும். 20 டிகிரியில் அதைத் திரவமாக வைத்திருக்கத் தேவைப்படும் மொத்த அழுத்தம் காற்றழுத்தத்தைப்போல் இரண்டு மடங்குக்குச் சற்று மேல். புரோப்பேனுக்கு இதே வெப்பநிலையில் எட்டு மடங்குக்கும் மேல் வேண்டும், அதனால்தான் அதற்குக் கனமான எஃகு சிலிண்டர். பியூட்டேனுக்கு மெல்லிய தகர கேன் போதும், பிளாஸ்டிக் லைட்டர்கூடப் போதும்.

இன்னொரு லாபமும் இருக்கிறது. ஒரு லிட்டர் பியூட்டேன் திரவம் ஆவியானால் அறை வெப்பநிலையில் சுமார் 240 லிட்டர் வாயு கிடைக்கும். சட்டைப்பையில் அடங்குகிற பொருளில் ஒரு மாதத்துக்கான நெருப்பை வைத்துக்கொள்ள முடிவது இதனால்தான். எளிதாக அடங்கும், திறந்துவிட்டால் உடனே விரியும். பயன்கள் அத்தனையும் இந்தக் குணத்திலிருந்து வருகின்றன. ஆபத்துகளும் இதே குணத்திலிருந்துதான் வருகின்றன.

வீட்டில் எந்தெந்தப் பொருளில் பியூட்டேன் இருக்கிறது?

சிகரெட் லைட்டர், நீளமான கேஸ் லைட்டர், கேன் அடுப்பு, சுடரைப் பீய்ச்சும் கைடார்ச் ஆகியவை எல்லோருக்கும் தெரிந்தவை. கண்ணில் படாதவை அதைவிட அதிகம். டியோடரண்ட், ஹேர் ஸ்ப்ரே, ஷேவிங் ஃபோம், அறை வாசனை ஸ்ப்ரே, சில பூச்சி மருந்து ஸ்ப்ரே, புது மாடல் ஃப்ரிட்ஜ், மின்சாரம் இல்லாமல் இயங்கும் முடி சுருட்டும் கருவி, கேஸ் சால்டரிங் அயர்ன் என்று பட்டியல் நீளும். பாத்திரத்தில் எண்ணெய் தெளிக்கும் ஸ்ப்ரேயின் லேபிளில் ஈ943ஏ அல்லது ஈ943பி என்று போட்டிருந்தால் அவை முறையே பியூட்டேனும் ஐசோபியூட்டேனும்தான். உணவுப் பொருளில் உந்துவாயுவாகப் பயன்படுத்தும்போது அவற்றுக்கு உள்ள எண்கள் அவை.

லைட்டருக்குள் என்ன நடக்கிறது?

ஒளி ஊடுருவும் லைட்டர் ஒன்றை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். அடியில் தெளிவான திரவம் தளும்பும், அதற்கு மேலே வெற்றிடம் போலத் தெரிவது வாயு. நடுவில் ஒரு பிளாஸ்டிக் தடுப்பும் தெரியும். உள்ளே இருக்கும் அழுத்தத்தில் சுவர் உப்பாமல் தாங்குவதற்காக அது இருக்கிறது. கட்டைவிரலால் நெம்புகோலை அழுத்தும்போது மேலே ஒரு நுண்ணிய வால்வு திறக்கிறது, வாயு சீறி வெளியே வருகிறது. சக்கரம் உரசித் தெறிக்கும் பொறி அதைப் பற்றவைக்கிறது.

அந்தச் சின்னக் கல்லை நாம் சிக்கிமுக்கிக் கல் என்று நினைக்கிறோம். உண்மையில் அது ஃபெரோசீரியம் என்ற உலோகக் கலவை. கார்ல் அவுவர் ஃபான் வெல்ஸ்பாக் என்ற ஆஸ்திரிய வேதியியலாளர் 1903-இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். பொத்தானை அழுத்தினால் 'டக்' என்று கேட்கும் வகையில் கல்லே கிடையாது. ஒரு சின்னச் சுத்தி பீசோ படிகத்தைத் தட்டும், அந்த அடியில் ஆயிரக்கணக்கான வோல்ட் மின்பொறி பிறக்கும்.

அடுப்பு பற்றவைக்கும் குச்சி லைட்டரிலும் பியூட்டேன் உண்டா?

அழுத்தினால் பொறி மட்டும் தெறிக்கிறது என்றால் இல்லை. 'கேஸ் லைட்டர்' என்று பெயர் இருப்பதால் வரும் குழப்பம் இது. அதில் இருப்பது மேலே சொன்ன பீசோ படிகம் மட்டும், நிரப்ப ஒன்றுமில்லை. நுனியில் சுடர் வந்தால்தான் அதில் பியூட்டேன் இருக்கிறது.

கேஸ் தீர்ந்த லைட்டரை நானே நிரப்பலாமா? எப்படி?

அடியில் நிரப்பும் வால்வு இருந்தால் தாராளமாக நிரப்பலாம். லைட்டரைக் கவிழ்த்துப் பாருங்கள். நடுவில் குண்டூசித் தலையளவு ஒரு குழி இருக்கும், பக்கத்தில் கூட்டல் கழித்தல் குறி போட்ட ஒரு திருகு இருக்கலாம். குழி இல்லாத லைட்டரைத் தூக்கிப்போடுவதைத் தவிர வழியில்லை.

முதலில் ஜன்னலைத் திறந்துவிடுங்கள். பக்கத்தில் அடுப்பு, விளக்கு, சிகரெட் எதுவும் எரியக் கூடாது. திருகைக் கழித்தல் பக்கமாகக் கடைசிவரை திருப்புங்கள். பிறகு வால்வு மேலே பார்க்கும்படி லைட்டரைப் பிடித்துக்கொண்டு, சின்ன ஸ்க்ரூடிரைவர் நுனியால் வால்வை மெல்ல அழுத்துங்கள். 'ஸ்ஸ்' என்ற சத்தம் முழுவதும் அடங்கும்வரை விடாதீர்கள். பலரும் இந்த வேலையை விட்டுவிடுகிறார்கள். உள்ளே தேங்கிய காற்று வெளியேறாவிட்டால் நீங்கள் எவ்வளவு அழுத்தினாலும் திரவம் முழுதாக இறங்காது. 'நிரப்பினேன், பத்துத் தடவைகூட எரியவில்லை' என்று சொல்பவர்களில் பெரும்பாலானோர் செய்யும் தவறு இதுதான்.

அப்புறம் கேனைத் தலைகீழாகத் திருப்பி, அதன் மூக்கை வால்வில் செங்குத்தாக வைத்து அழுத்துங்கள். கேன் நேராக இருந்தால் வாயு மட்டும்தான் வரும், கவிழ்ந்திருந்தால்தான் திரவம் இறங்கும். ஐந்து விநாடி அழுத்திப் பிடித்தால் போதும். விரல் ஜில்லென்று ஆகும், வால்வைச் சுற்றி மெல்லிய வெண்புகை போலத் தெரியும். திரவம் பக்கவாட்டில் பீய்ச்சத் தொடங்கினால் நிறைந்துவிட்டது என்று பொருள். மூக்கு சரியாகப் பொருந்தாமல் கசிந்துகொண்டே இருந்தால், கேன் மூடியிலேயே சில அடாப்டர்கள் இருக்கும், அவற்றில் பொருந்துவதைப் போட்டுப் பாருங்கள்.

நிரப்பியவுடன் பற்றவைத்துவிடாதீர்கள். கையிலும் லைட்டர் மேலும் படிந்த பியூட்டேன் முழுவதும் பறந்துபோக வேண்டும், குளிர்ந்த லைட்டரும் அறை வெப்பத்துக்கு வர வேண்டும். ஐந்து நிமிடம் பொறுத்து, திருகை நடுவில் வைத்து, முகத்துக்குத் தள்ளிப் பிடித்துப் பற்றவையுங்கள்.

கேன் அடுப்பில் ஒரு கேன் எவ்வளவு நேரம் எரியும்?

படுக்கை வாக்கில் செருகும் கேன்களில் பொதுவாக 220 கிராமோ சற்று அதிகமோ இருக்கும். இரண்டு கிலோவாட் அளவுள்ள அடுப்பை முழு வேகத்தில் வைத்தால் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 150 கிராம் எரியும், ஆக ஒரு கேன் ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக வரும். தீயைக் குறைத்து வைத்தால் அதைவிட வெகுநேரம் தாங்கும்.

நேரக் கணக்கைவிட தண்ணீர்க் கணக்கு பயணத்துக்கு உதவும். வெப்பத்தில் பாதி வீணாகிறது என்று வைத்துக்கொண்டாலும் ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்க ஏறக்குறைய 15 கிராம் போதும். மூடி போட்டு, காற்று வீசும் பக்கம் தடுப்பு வைத்தால் இன்னும் குறையும். ஆனால் அந்தத் தடுப்பு கேனையும் சேர்த்துச் சுற்றி வளைக்கக் கூடாது. வெப்பம் கேனிடம் அடைபட்டால் அப்புறம் வேறு கதை.

கேனைச் செருகும்போது கழுத்தில் உள்ள வெட்டு மேலே இருக்க வேண்டும் என்கிறார்களே, அது அவசியமா?

மிக அவசியம். கேனின் கழுத்து வளையத்தில் சின்னச் சதுரமாக ஒரு வெட்டு இருக்கும். அதை அடுப்பில் உள்ள நாக்கோடு பொருத்தினால்தான் கேனுக்குள் இருக்கும் வளைந்த குழாயின் வாய் மேல்நோக்கி நிற்கும், வாயுவை மட்டும் இழுக்கும். வெட்டு பக்கவாட்டிலோ கீழேயோ போனால் குழாயின் வாய் திரவத்தில் மூழ்கிவிடும். பர்னருக்குத் திரவமே வந்தால் அது அங்கே விரிந்து, மஞ்சள் தீயாகக் குபீரென்று எழும். சரியாக உட்கார்ந்ததும் 'க்ளிக்' என்று கேட்கும். அது கேட்காமல் குமிழைத் திருப்ப வேண்டாம்.

கேனில் பாதிக்கு மேல் இருக்கிறது, ஆனாலும் தீ இறங்கிக்கொண்டே போகிறது. கேன் போலியா?

அநேகமாக இல்லை. கேனைத் தொட்டுப் பாருங்கள், சில்லென்று இருக்கும். ஈரக்காற்றுள்ள நாளில் திரவம் நிற்கும் உயரம்வரை வெளியே வேர்த்திருக்கும், சில சமயம் வெள்ளையாகப் பனியும் படிந்திருக்கும். திரவம் வாயுவாக மாற வெப்பம் வேண்டும், அந்த வெப்பத்தை அது தன்னிடமிருந்தே எடுத்துக்கொள்கிறது. எரிய எரிய கேன் குளிர்கிறது. குளிர்ந்தால் அழுத்தம் இறங்குகிறது, அழுத்தம் இறங்கினால் தீயும் இறங்குகிறது. திரவம் பூஜ்யம் டிகிரியை நெருங்கிவிட்டால் வெளியே தள்ளும் அழுத்தமே இல்லாமல் போய்விடும். கேனை ஆட்டினால் உள்ளே தளதளவென்று சத்தம் கேட்கும், பர்னரில் மட்டும் ஒன்றும் வராது.

அடுப்பை அணைத்து, கேனைக் கழற்றி, சிறிது நேரம் அறை வெப்பத்தில் வைத்தால் சரியாகிவிடும். இரண்டு கேன்களை மாற்றி மாற்றிப் பயன்படுத்துவது இன்னும் நல்லது. ஒருமுறை மலைமுகாமில் விடியற்காலையில் அடுப்பு முனகிக்கொண்டே அணைந்தபோது, கேனைக் கழற்றிப் போர்வைக்குள் உடம்போடு அணைத்து வைத்திருந்தேன். கால் மணி நேரத்தில் பழைய வேகத்தில் எரிந்தது. உடல் சூடு போதும். இளஞ்சூட்டுத் தண்ணீர்வரை சரி, கை பொறுக்காத சுடுநீர் வேண்டவே வேண்டாம். இன்னொரு தீயில் காட்டிச் சூடேற்றுவது தற்கொலைக்குச் சமம்.

குளிர்ப் பிரதேசத்துக்குப் போகிறவர்கள் ஐசோபியூட்டேனும் புரோப்பேனும் கலந்த திருகு கேனை வாங்குங்கள். புரோப்பேன் மைனஸ் 42 டிகிரியிலேயே கொதிப்பதால் அது முதலில் வெளியேறி அழுத்தம் கொடுக்கும். அதனாலேயே கடைசியில் பியூட்டேன்தான் மிஞ்சும், முடியும் தறுவாயில் கேன் மறுபடி மந்தமாகும்.

கேன் அடுப்பில் பெரிய பாத்திரம் வைத்தால் என்ன ஆகும்?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

கேன் அடுப்பில் பர்னருக்குப் பக்கத்திலேயே, ஒரு தகர மூடிக்கு அடியில் கேன் படுத்திருக்கிறது. அகலமான தட்டையான கல்லையோ பெரிய பாத்திரத்தையோ வைத்தால் அது கேன் அறையின் மேல்வரை நீண்டு நிற்கும். கீழே அடிக்கும் வெப்பம் மேலே போக வழியில்லாமல் பக்கவாட்டில் திரும்பி கேனைச் சுடும். 20 டிகிரியில் காற்றழுத்தத்தைப்போல் இரண்டு மடங்காக இருந்த உள் அழுத்தம் 50 டிகிரியில் கிட்டத்தட்ட ஐந்து மடங்காகிவிடும். அதற்கு மேல் இன்னும் வேகமாக ஏறும். நல்ல அடுப்புகளில் அழுத்தம் மிஞ்சினால் கேனைத் தானாகத் தள்ளிவிடும் அமைப்பு இருக்கிறது. ஆனால் அதை நம்பி விளையாடக் கூடாது. பழைய அடுப்பில் அது துருப்பிடித்து இறுகியிருக்கலாம்.

பாத்திரத்தின் விளிம்பு கேன் அறைமேல் வரக் கூடாது. இரண்டு அடுப்புகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அவற்றின் மேல் ஒரே பெரிய கல்லைப் போடுவது, பர்னரில் கரியை வைத்துக் கங்காக்குவது, பாத்திரத்துக்கு அடியில் அலுமினியத் தாள் சுற்றுவது, இவை மூன்றும் கேனை வெடிக்கவைக்கும் வழிகள். சமைக்கும்போது அவ்வப்போது கேன் மூடியின் மேல் புறங்கையை வையுங்கள். சூடாக இருந்தால் உடனே அணையுங்கள், ஏனென்றால் ஒழுங்காக எரியும் அடுப்பில் கேன் குளிர்ந்துதான் இருக்க வேண்டும்.

கேனில் எவ்வளவு மீதம் இருக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

சமையலறைத் தராசு இருந்தால் புதுக் கேனை எடைபோட்டு அதன் மேலேயே எழுதி வையுங்கள். லேபிளில் உள்ள கேஸ் எடையைக் கழித்தால் வெறும் கேனின் எடை கிடைக்கும். பிறகு எப்போது வேண்டுமானாலும் எடைபோட்டுக் கழித்துக்கொள்ளலாம். தராசு இல்லாத இடத்தில் தண்ணீரில் மிதக்கவிடுங்கள். திருகு கேன்களுக்கு இது நன்றாக வேலை செய்யும். நிறைந்த கேன் ஆழமாக அமிழும், தீரத் தீர மேலே எழும். ஒரு கேனை வைத்து ஒருமுறை கோடு போட்டுக்கொண்டால் அதே வகைக் கேன்களுக்கெல்லாம் அது உதவும்.

தீர்ந்த கேனை மறுபடி நிரப்பலாமா?

கூடாது. ஒருமுறை பயன்படுத்தும் கேனின் வால்வும் தகரமும் மறு நிரப்பலுக்குச் செய்யப்பட்டவை அல்ல. அதைவிடப் பெரிய ஆபத்து, விளிம்புவரை நிரப்பிவிடுவது. திரவம் சூட்டில் விரிவதற்குக் கேனில் இடம் வேண்டும், இடமில்லாவிட்டால் தகரம்தான் கிழியும். பெரிய சிலிண்டரிலிருந்து இந்தக் கேன்களுக்குக் கேஸ் பிடித்துக்கொடுப்பவர்களிடம் போகாதீர்கள். புரோப்பேன் கலந்த கேஸின் அழுத்தத்துக்கு இந்தத் தகரம் தாங்காது.

சமையல் சிலிண்டரில் இருப்பதும் பியூட்டேன்தானே?

பாதி உண்மை. எல்பிஜி என்பது பெரும்பாலும் புரோப்பேனும் பியூட்டேனும் கலந்தது. வெப்பமான பகுதிகளில் பியூட்டேன் பங்கு கூடுதலாக இருக்கலாம், கடுங்குளிர் நாடுகளில் புரோப்பேன்தான் பிரதானம். அழுத்தம் வேறு என்பதால் ஒன்றின் ரெகுலேட்டரை இன்னொன்றுக்கு மாட்டக் கூடாது.

பியூட்டேன் டார்ச்சால் என்னென்ன செய்யலாம்?

செம்புக் குழாயில் ஈயப்பற்று வைப்பது, வயர் இணைப்பின் மேல் சுருங்கும் டியூபைச் சுருக்குவது, துருப்பிடித்து இறுகிய நட்டைச் சூடாக்கித் தளர்த்துவது, இனிப்பின் மேல் தூவிய சர்க்கரையைப் பழுப்பாக உருக்குவது என்று பல வேலைகள். லைட்டரின் சுடர் மஞ்சளாக ஆடும், டார்ச்சின் சுடர் மட்டும் நீலமாக நேராக நிற்கும். அதன் குழாயின் பக்கவாட்டில் சின்னத் துளைகள் இருப்பதைப் பார்க்கலாம். சீறிப் போகும் கேஸ் அந்தத் துளைகள் வழியாகக் காற்றையும் இழுத்துக் கலந்துகொண்டு போகிறது, அதனால் முழுதாக எரிகிறது.

சுடரை உற்றுப் பார்த்தால் உள்ளே அடர்நீலத்தில் ஒரு கூம்பு தெரியும். அந்தக் கூம்பின் நுனிக்குச் சற்று வெளியேதான் வெப்பம் உச்சத்தில் இருக்கும். வேலைப் பொருளைக் குழாய் வாயருகே நெருக்கிப் பிடிப்பவர்கள் கேஸைத்தான் வீணாக்குகிறார்கள். சுருங்கும் டியூபுக்கு மட்டும் சுடரைத் தள்ளிப் பிடித்து ஆட்டிக்கொண்டே இருங்கள், இல்லையென்றால் கருகிவிடும். பற்றவைத்தவுடன் டார்ச்சைக் கவிழ்க்காதீர்கள், திரவம் வந்து மஞ்சளாகச் சீறும். ஒரு நிமிடம் நிமிர்ந்த நிலையில் எரியவிட்டுப் பிறகு சாய்க்கலாம். வேலை முடிந்ததும் மூக்கு ஆறும்வரை பையில் போட வேண்டாம்.

கேஸ் சால்டரிங் அயர்னிலும் முடி சுருட்டும் கருவியிலும் பெரும்பாலும் சுடரே தெரியாது. பிளாட்டினம் போன்ற வினையூக்கியின் மேல் கேஸ் சுடரில்லாமல் எரிந்து நுனியைச் சூடாக்குகிறது. எரிகிறதா என்று தொட்டுப் பார்க்கும் பழக்கம் இங்கே கையைப் பதம்பார்த்துவிடும்.

ஃப்ரிட்ஜில் எரியும் கேஸ் இருக்கிறதாமே? பயப்பட வேண்டுமா?

ஃப்ரிட்ஜின் பின்புறம் கம்ப்ரசரில் ஒட்டிய லேபிளைப் பாருங்கள். ஆர்-600ஏ என்று எழுதி, மஞ்சள் முக்கோணத்தில் தீச்சுடர் படம் போட்டிருந்தால் உள்ளே ஓடுவது ஐசோபியூட்டேன். முன்பு பயன்பட்ட குளோரோஃபுளோரோகார்பன்கள் ஓசோன் படலத்தை அரித்தன. அவற்றுக்குப் பதிலாக வந்த ஆர்-134ஏ ஓசோனை விட்டுவைத்தது, ஆனால் புவியைச் சூடாக்குவதில் கார்பன் டை ஆக்சைடைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல் வலுவானது. 1993-இல் ஜெர்மனியில் கிரீன்பீஸ் என்ற சுற்றுச்சூழல் அமைப்பின் முயற்சியால் ஹைட்ரோகார்பனில் ஓடும் ஃப்ரிட்ஜ் சந்தைக்கு வந்தது. இன்று வீட்டு ஃப்ரிட்ஜ்களில் ஐசோபியூட்டேன் சர்வசாதாரணம். எனக்கு இது மனநிறைவான மாற்றம். பூமியிலிருந்து கிடைக்கும் எளிய பொருளே, ஆய்வகத்தில் கட்டிய பொருட்களின் இடத்தை எடுத்துக்கொண்டது.

அளவும் கொஞ்சம்தான், பொதுவாக 30 முதல் 80 கிராம். ஒரு லைட்டரில் சுமார் 5 கிராம் என்று வைத்தால் பத்துப் பதினைந்து லைட்டர்களின் கேஸ், அதுவும் மூடிய குழாய்க்குள். அதனால் பயம் வேண்டாம், மூன்று விஷயங்களில் கவனம் வேண்டும். ஃப்ரீசரில் உறைந்த பனியைக் கத்தியால் கொத்தாதீர்கள், அதன் சுவருக்குள்தான் கேஸ் குழாய் ஓடுகிறது. ஃப்ரிட்ஜைச் சுற்றிக் காற்றோட்டம் விடுங்கள். பழுது பார்க்க வருபவர் லேபிளைப் பார்க்காமலே தீயைக் குழாயருகே கொண்டுபோனால் தடுத்து நிறுத்துங்கள். ஆர்-600ஏ ஃப்ரிட்ஜில் கேஸை முழுதாக வெளியேற்றாமலும், அறையில் காற்றோட்டம் ஏற்படுத்தாமலும் வெல்டிங் வேலை செய்யக் கூடாது. வேறு வகை கேஸை அதில் அடைக்கவும் கூடாது.

டியோடரண்டில் பியூட்டேனுக்கு என்ன வேலை?

தள்ளிவிடும் வேலை. கேனைக் குலுக்கினால் கேட்கும் தளதள சத்தத்தில் பெரும்பங்கு திரவமாக்கிய பியூட்டேன், ஐசோபியூட்டேன், புரோப்பேன் கலவைதான். அழுத்தினால் அது மருந்தையோ வாசனையையோ தள்ளிக்கொண்டு வெளியே வந்து நொடியில் ஆவியாகிவிடும், தோலில் பட்ட ஜில்லிப்பு அதனால்தான். முன்பு இந்த வேலையையும் குளோரோஃபுளோரோகார்பன்களே செய்தன. 1974-இல் மொலினா, ரோலண்ட் என்ற இரு விஞ்ஞானிகள் அவை ஓசோனை அழிக்கும் என்று காட்டினார்கள், 1987-இல் அவற்றைக் கட்டுப்படுத்தும் மாண்ட்ரியல் உடன்படிக்கை வந்தது. ஓசோன் பிழைத்தது, பதிலுக்கு ஸ்ப்ரே கேன் தீப்பற்றும் பொருளானது. எரியும் அடுப்புக்கோ விளக்குக்கோ பக்கத்தில் நின்று ஸ்ப்ரே அடிக்காதீர்கள். அடித்த கையோடு தீக்குச்சி கிழிப்பதும் வேண்டாம்.

கேஸ் கசிந்தால் வாசனையில் தெரிந்துவிடும் அல்லவா?

எப்போதும் இல்லை. அடுப்புக்கான கேஸில் எத்தில் மெர்காப்டன் போன்ற நாற்றப் பொருளைச் சேர்க்கிறார்கள். ஸ்ப்ரேக்களிலும் ஃப்ரிட்ஜ் கேஸிலும் அதைச் சேர்ப்பதில்லை. லைட்டர் நிரப்பும் சுத்தமான கேனிலும் வாசனை மிகக் குறைவாக இருக்கலாம்.

பியூட்டேன் காற்றைவிட இரண்டு மடங்கு கனம். மேலே எழாமல் தரையோடு ஊர்ந்து, படிகளில் இறங்கி, கட்டிலுக்கு அடியிலும் சாக்கடைக் குழியிலும் போய்த் தேங்கும். காற்றில் 1.8 சதவீதம் கலந்தாலே பற்றிக்கொள்ளும். 220 கிராம் கேன் ஒன்று முழுதும் கசிந்தால் சுமார் 90 லிட்டர் வாயு வரும். கணக்குப் போட்டுப் பார்த்தால் ஐந்து கன மீட்டர் காற்றைத் தீப்பற்றும் கலவையாக்க அது போதும், அதாவது ஒரு சின்னக் குளியலறை முழுவதும்.

கசிவு என்று சந்தேகம் வந்தால் சுவிட்சைத் தொடாமல், எதையும் பற்றவைக்காமல், முடிந்தால் வால்வை மூடிவிட்டு, கதவையும் தரைமட்டத் திறப்புகளையும் திறந்துவிட்டு வெளியேறுங்கள். எங்கே கசிகிறது என்று அப்புறம் சோப்புத் தண்ணீர் தடவிப் பாருங்கள், குமிழி வரும். தீக்குச்சியால் சோதிக்கும் வழக்கம் இன்னும் சிலரிடம் இருக்கிறது, தயவுசெய்து வேண்டாம்.

கூடாரத்துக்குள், மூடிய அறைக்குள் எரிக்கலாமா?

வேண்டாம். நன்றாக எரிந்தால் கார்பன் டை ஆக்சைடும் நீராவியும்தான் வரும். ஒரு கிலோ பியூட்டேன் எரிந்தால் ஒன்றரை கிலோ தண்ணீர் உண்டாகும், ஜன்னல் கண்ணாடி வேர்ப்பது அதனால்தான். ஆனால் ஆக்சிஜன் குறையக் குறைய கார்பன் மோனாக்சைடு உண்டாகும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தலைவலி, தூக்கம், குமட்டல் என்று தொடங்கி, எழுந்து வெளியே போகும் தெம்பையே பறித்துவிடும். குளிருக்காக அடுப்பை எரியவிட்டுக் கூடாரத்தில் தூங்கியவர்கள் விழிக்காமலே போயிருக்கிறார்கள். சுடர் மஞ்சளாகி, பாத்திரத்தின் அடியில் கரி படிந்தால் பர்னர் சரியாக எரியவில்லை என்று அர்த்தம்.

லைட்டரைக் காரிலேயே விட்டுவிட்டேன். பரவாயில்லையா?

எடுத்துவிடுங்கள். வெயிலில் நிற்கும் காரின் டாஷ்போர்டு கேன்களின் எல்லையான 50 டிகிரியைச் சுலபமாகத் தாண்டும். ஸ்ப்ரே கேன், அடுப்புக் கேன் எல்லாவற்றுக்கும் இதே பதில்தான்.

பியூட்டேனை முகர்ந்தால் என்ன ஆகும்?

லைட்டர் நிரப்பும்போது மூக்கில் பட்ட துளியால் ஒன்றும் ஆகாது. ஆனால் போதைக்காக வேண்டுமென்றே உள்ளிழுப்பது உயிரை எடுக்கும், அதுவும் முதல் தடவையிலேயே எடுக்கலாம். ஓடும்போதும் பயப்படும்போதும் உடலில் சுரக்கும் அட்ரினலினுக்கு இதயத்தை அளவுமீறி எதிர்வினை காட்டவைக்கிறது பியூட்டேன். அந்த நிலையில் ஓடினாலோ பயந்தாலோ துடிப்பு தாறுமாறாகி நின்றுவிடும். வளரும் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் காலி ஸ்ப்ரே கேன்களோ லைட்டர் கேஸ் கேன்களோ காரணமில்லாமல் சேர்ந்தால் கண்டும் காணாமல் இருக்காதீர்கள். அதட்டாமல், உட்காரவைத்துப் பேசுங்கள். யாராவது முகர்ந்து மயங்கிய நிலையில் இருந்தால் காற்றோட்டத்துக்குக் கொண்டுவந்து உடனே ஆம்புலன்சை அழையுங்கள். திடுக்கிடவைப்பதோ துரத்துவதோ கூடாது.

திரவம் கையில் பட்டுவிட்டது. என்ன செய்ய?

ஒரு துளி என்றால் ஜில்லென்று மறைந்துவிடும். தொடர்ந்து பட்டுத் தோல் வெளுத்து மரத்துப்போனால் அது குளிர்ப்புண். தேய்க்காமல் வெதுவெதுப்பான தண்ணீரில் கையை வைத்து, மருத்துவரைப் பாருங்கள். கண்ணில் பட்டால் தாமதிக்க வேண்டாம்.

விமானத்தில் எடுத்துப்போகலாமா?

அடுப்புக் கேனும் லைட்டர் நிரப்பும் கேனும் எந்தப் பெட்டியிலும் கூடாது. சாதாரண லைட்டர் ஒன்றைப் பல இடங்களில் உடம்போடு வைத்துக்கொள்ள விடுகிறார்கள், சில நாடுகளில் அதுவும் இல்லை. டார்ச் லைட்டருக்குப் பெரும்பாலும் தடை. புறப்படும் முன் விமான நிறுவனத்தின் விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பியூட்டேனை எரிப்பது சுற்றுச்சூழலுக்குக் கேடா?

ஒரு கிலோ எரித்தால் சுமார் மூன்று கிலோ கார்பன் டை ஆக்சைடு வரும், இது புதைபடிவ எரிபொருள்தான். விறகோடும் கரியோடும் ஒப்பிட்டால் புகை மிகக் குறைவு. எரியாமல் கசிந்த பியூட்டேன் காற்றில் சில நாட்களிலேயே சிதைந்துவிடும், ஓசோன் படலத்தைத் தொடாது.

காலி கேனை எப்படித் தூக்கிப்போடுவது?

முழுதும் தீரும்வரை அடுப்பிலேயே எரித்துவிடுங்கள். குலுக்கினால் சத்தம் வரக் கூடாது. துளையிட்டுப் போட வேண்டுமா, அப்படியே தர வேண்டுமா என்பது ஊருக்கு ஊர் மாறும், உங்கள் உள்ளாட்சி சொல்வதைக் கேளுங்கள். எங்கேயும் செய்யக் கூடாத ஒன்று, குப்பையோடு சேர்த்துக் கொளுத்துவது.

அலமாரியில் பத்து வருடமாக ஒரு கேன் கிடக்கிறது. உள்ளே இருப்பது கெட்டுப்போயிருக்குமா?

பியூட்டேன் கெட்டுப்போகாது. கெட்டுப்போவது கேன். வால்வுக்குள் இருக்கும் ரப்பர் வளையம் வருடக்கணக்கில் காய்ந்து இறுகிவிடும், அடி விளிம்பில் துரு ஏறும். நகத்தால் சுரண்டினால் துரு உதிர்ந்து குழி தெரிகிறதா என்று பாருங்கள். குழி இருந்தாலோ, கேன் நசுங்கியிருந்தாலோ, மூடியைத் திறந்ததும் லேசாகச் சீறினாலோ அதை அடுப்பில் மாட்டாதீர்கள். அப்படி எதுவும் இல்லாவிட்டால் வெளியே திறந்தவெளியில் மாட்டி, கழுத்தைச் சுற்றிச் சோப்புத் தண்ணீர் தடவி, குமிழி வரவில்லை என்று பார்த்த பிறகு பற்றவையுங்கள்.